பெற்ற இரட்சிப்பு இழக்கப்படுமோ? பாலாற்றங்கரைச் சபைகளின் கொள்கை வேறுபாடு

பாலாற்றின் கரையிலும் அதனைச் சூழ்ந்தும் அமைந்த வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலாற் பெயர் பெற்றன. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதனிட்ட பழைய முறையையும், பின்னர்ப் புகுந்த இரசாயன முறைகளையும், அவற்றால் ஆற்றுக்கு நேர்ந்த கேட்டையும் பற்றி எழுதினார் பலர். அவ்வூர்களில் நூறாண்டுகளுக்கு மேலாக நிலவிவருங் கிறிஸ்தவ சபைகளின் கொள்கை வரலாற்றை எழுதினார் மிகச் சிலரே. வேலூரினின்று ஆம்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்த் தொலைவு. ஆற்றங்கரை ஒன்று, மொழி ஒன்று, சபைகளிற் சேர்ந்தாருட் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட உழைப்பாளர் குடியினர் என்பதும் ஈரிடத்தும் ஒன்று. எனினும், இரட்சிப்பைப் பெற்றானொருவன் அதனைப் பின்னர் இழத்தல் கூடுமோ என வினவின், வேலூர்ச் சபையை நிறுவினாருடைய கொள்கை நூல் கூடாது என்கின்றது. ஆம்பூர்ச் சபையை நிறுவினாருடைய கொள்கை நூல் கூடும் என்கின்றது. இம்மாறுபாடு எங்ஙனந் தோன்றியது, தமிழ்நாட்டிற் புகுந்தபின் என்னவாயிற்று என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆராயப் புகுமுன் சொற்பொருளைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். கிறிஸ்தவர் இரட்சிப்பு என்பது நம்மனோர் வீடுபேறு என்பதனோடு முழுதும் ஒத்ததன்று. பாவமன்னிப்புப் பெற்றுத் தேவனுக்கு ஏற்புடையனாதல் இவ்வுடம்பிலிருக்கும்போதே நிகழ்வது. அதனையே அவர் இரட்சிப்பின் தொடக்கமாகக் கொள்வர். அவர் மறுபிறப்பு என்று வழங்குவதும் அகத்தே ஆவியினால் நிகழும் புத்துயிர்ப்பேயன்றி, வினைக்கேற்ப எடுக்கும் பிறவியன்று. ஆதலின் இழக்கப்படுமோ என்னும் வினா இவ்வுலகில் வாழ்வானைப் பற்றியதே. விண்ணுலகு சேர்ந்தான் மீள்வான் என்று இருதிறத்தாருள் ஒருவருங் கூறிற்றிலர். பதமுத்தி பெற்றார் மீளுதலையும், பரமுத்தி பெற்றார் மீளாமையையும், சீவன்முத்தர்க்கும் மலவாசனை தாக்காதவாறு அடியாரிணக்கமும் திருவேட வழிபாடும் வேண்டப்படுதலையும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின்வழி ஓதியுணர்ந்த அன்பர்களுக்கு, இவ்வினா எந்நிலைக்கண் எழுவது என்பதை விரித்துரைத்தல் மிகை.

இனி வேலூர். ஹாலந்து நாட்டிலிருந்து அமெரிக்காவிற் குடியேறினார் வளர்த்த சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர் ஸ்கடர் குடும்பத்தார். மருத்துவராகிய மூத்த ஜான் ஸ்கடர் முதலில் யாழ்ப்பாணத்திற் பணிசெய்து, 1836-இற் சென்னைக்கு வந்தார். அவர் மைந்தர் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853-இல் ஆர்க்காட்டு மிஷனைத் தொடங்கினர். அடுத்த ஆண்டிலேயே அது தாய்ச்சபையின் விதிப்படி ஒரு மண்டலமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. வேலூரில் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிப் பின்னர் உலகறிந்த மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த நிலையத்தை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் இக்குடும்பத்தவரே. ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் பிறந்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில், 1822-ஆம் ஆண்டில். அதே ஆண்டில் அதே யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். நாவலரவர்கள் பார்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழ்ப்படுத்திய செய்தி யாவரும் அறிந்தது. அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. அந்நாளிற் பார்சிவல் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்தவராயிருந்தார். வெஸ்லியன் கொள்கையோ இரட்சிப்பு இழக்கப்படும் என்பது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் போற்றியதோ கால்வின் மரபு. நம் நாவலர் பெருமான் கண்முன்னரே இவ்விரு கொள்கையும் ஒரே பட்டினத்தில் அடுத்தடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தின என்பது கருதத்தக்கது.

ஸ்கடர் சகோதரர் கையெழுத்திட்டு ஏற்ற கொள்கை நூல்கள் மூன்று. அவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது டோர்ட் நகரத்துச் சங்கத்தின் தீர்மானநூல். அதன் பிறப்பு இது. ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்து ஆசிரியராயிருந்து 1609-இல் இறந்த ஆர்மினியஸ் என்பவர், தேவன் சிலரை முன்குறித்துத் தெரிந்துகொண்டான் என்னும் கால்வின் மரபுக் கொள்கையை ஐயுற்றார். அவர் மாணாக்கர் 1610-இல் ஐந்து உறுப்புடைய விண்ணப்பமொன்றை அரசாங்கத்தார்க்கு அளித்தனர். அதன் ஐந்தாம் உறுப்பே நம் வினா. வியப்பென்னையெனின், அவ்விண்ணப்பம் இழக்கப்படும் என்று துணிந்து கூறவில்லை. வேதத்தினின்று மேலும் ஆராய்ந்தன்றிப் போதித்தலாகாது என்று நிறுத்திக்கொண்டது. ஆராய்ச்சிக்கு விடப்பட்ட இவ்வினாவே பின்னர்ப் பெருவழக்காயிற்று. விண்ணப்பஞ் செய்தாரும் சில ஆண்டுகளில் ஐயம் நீங்கி, இழக்கப்படும் என்றே துணிந்தனர். 1618 நவம்பர் முதல் 1619 மே வரை டோர்ட் நகரிற் கூடிய சங்கத்தில் ஹாலந்தாரோடு இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞரும் அமர்ந்தனர். அவர் வரைந்த ஐந்தாம் இயல் 15 உறுப்புக்களாற் கொள்கையை நாட்டி, 9 பகுதிகளால் எதிர்க்கொள்கையை மறுக்கின்றது.

அவ்வியலின் கருத்தைச் சுருங்கக் கூறுவாம். மெய்விசுவாசிகளும் பெரும்பாவத்தில் விழுவர். விழுந்தபோது கிருபையின் உணர்ச்சியைச் சில காலம் இழப்பதும் உண்டு. எனினும் தேவன் தன் ஆவியை அவர்களினின்று முழுதும் வாங்கிக்கொள்ளான். அழியா வித்து உள்ளே நிற்கும். மனந்திரும்புதலையும் அவனே தருவான். ஆயின், சில காலம் விசுவாசித்துப் பின் முழுதும் கைவிட்டாரை என் சொல்வது? அவர் கொண்டிருந்தது தற்காலிக விசுவாசம்; அது மெய்விசுவாசத்தோடு கால அளவினால் மாத்திரமன்றித் தன்மையினாலும் வேறு என்பது சங்கத்தார் விடை. தமிழில் இக்கொள்கையைப் 'பரிசுத்தவான்களின் விடாமுயற்சி' என்று பெயர்ப்பார் உளர். அப்பெயர்ப்புப் பொருந்துமென்று யாம் கருதவில்லை. முயற்சி மனிதனதன்று என்பதன்றோ அக்கொள்கையின் உயிர்நிலை! நிலைநிறுத்தப்படுதல் என்பதே நேர்ப்பொருள். வைணவருள் தென்கலையார் கூறும் பூனைக்குட்டி நியாயத்தை ஒருபுடையொப்பாகக் கொள்க.

ஆம்பூர்ச் சபையின் வரலாறு வேறு. தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் என்னும் ஜெர்மானியர் இருவர் லீப்ஸிக் மிஷனைச் சார்ந்து தமிழ்நாட்டிலிருந்தவர்கள். வேதவாக்கியம் பிழையற்றது என்னும் பொருள்பற்றி அம்மிஷனாரோடு மாறுபட்டு நீங்கினர். அமெரிக்காவில் மிசௌரி சங்கம் எனப்படும் லுத்தரன் சபை அவர்களை ஏற்று அனுப்ப, 1895-இற் கிருஷ்ணகிரியிற் பணி தொடங்கிற்று. பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி என்னுமிடங்களிற் பரந்தது. ஆம்பூரில் அவர் நிறுவிய பள்ளி கன்கார்டியா என்னும் பெயருடையது. லுத்தரன் கொள்கை நூல்களெல்லாம் 1580-இல் ஒருங்கு தொகுக்கப்பட்டபோது அத்தொகுதி பெற்ற பெயரும் அதுவே. இம்மரபு தமிழுக்குப் புதிதன்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை முன்னரே தமிழ்ப்படுத்தியிருந்தார். அந்நூல் கர்த்தர் செபத்தின் ஆறாம் விண்ணப்பத்துக்கு உரை கூறுங்கால், பிசாசும் உலகமும் மாம்சமும் நம்மை வஞ்சித்து அவிசுவாசத்தில் வீழ்த்தாதபடி காக்கவேண்டும் என வேண்டுதலே அதன் பொருள் என்னும். வீழ்ச்சி மெய்யாகவே நிகழற்பாலது என்பது அவ்வுரையினடியிற் கிடக்கும் துணிபு.

லுத்தரன் சபையார்க்குத் தலைமை நூலாகிய 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, தன் பன்னிரண்டாம் உறுப்பில், ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழத்தல் கூடாது என்பாரை வெளிப்படையாகவே கண்டிக்கின்றது. அவ்வுறுப்பே நொவாசியரையுங் கண்டிக்கின்றது. நொவாசியர் யாவரெனின், கி. பி. 250-இல் உரோம வேந்தன் தேசியஸ் கிறிஸ்தவரைத் துன்புறுத்தியபோது அஞ்சித் தெய்வப்படையலிட்டுப் பின்னர் மீள விரும்பினாரைச் சபையில் ஏற்றல் தகாதென்று பிரிந்து நின்றவர்கள். ஆகவே ஆக்ஸ்பர்க் அறிக்கை ஒரே மூச்சில் இரண்டு கூறுகின்றது: பெற்றது இழக்கப்படும், இழந்தது மீண்டும் பெறப்படும். பின்னதை விட்டு முன்னதை மாத்திரங் கூறுவார் அதன் கருத்தறியாதாரே.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. இழக்கப்படும் என்பாரெல்லாம் மனிதன் முயற்சிக்கு இடங்கொடுப்பவர் என்று கால்வின் மரபினர் பொதுவாகக் குறைகூறுவர். வெஸ்லியன் சபையார்க்கு அது பொருந்தினும் பொருந்துக; மிசௌரியார்க்குப் பொருந்தாது. தேவன் ஒருவனைத் தெரிந்துகொள்வது அவன் விசுவாசிப்பான் என்பதை முன்னறிந்தா, முன்னறிவை நோக்காத தூய கிருபையினாலா என்று அமெரிக்க லுத்தரன் சபைகளிடையே பெரும்போர் மூண்டது. தூய கிருபையினாலே என்று மிசௌரி சங்கத் தலைவர் வால்தர் வாதித்தார். அதுபற்றி அவரை மறைந்த கால்வினியர் என்று ஏனை லுத்தரன் ஆசிரியர் சிலர் பழித்தனர். 1881-இல் ஒஹாயோ சங்கம் அவர் கூட்டுறவை விட்டு நீங்கிற்று. இப்பழி கேட்ட சபையே பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் பாலாற்றங்கரைப் பகுதிக்கு ஆட்களை அனுப்பியது. ஆகவே இரட்சிப்பு முழுதும் கிருபை என்பதில் ஆம்பூர் வேலூரோடு ஒன்றுபட்டது; இழக்கப்படும் என்பதில் வேறுபட்டது. கிருபையே முழுதுமென்றால் அஃது இழக்கப்படுவது எங்ஙனம் என்று தருக்கம் வினவும். வேதம் இரண்டையுங் கூறலின் இரண்டையும் கொள்வோம், தருக்கத்தால் இணைக்கப் புகோம் என்பது மிசௌரியார் விடை. தருக்கநூல் பயின்றார்க்கு இது நிறைவு தாராது. எனினும் அவர் இதனை நாணத்தோடன்றித் துணிவோடு கூறினர் என்பதையும் சொல்லவேண்டும்.

இருதிறத்தார் நூல்களையும் ஒப்பிடுவார்க்குப் பெரும்பயன் தருவது தாவீது வேந்தன் கதை. தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் போரின் முன்னணியில் நிறுத்திக் கொல்வித்தான் தாவீது. பின்னர் நாத்தான் என்னுந் தீர்க்கதரிசி இடித்துரைப்ப, அழுது மனந்திரும்பினான். லுத்தர் 1537-இல் வரைந்த ஸ்மால்கால்ட் உறுப்புக்களில், தாவீது அப்பாவங்களைச் செய்தபோது விசுவாசமும் ஆவியும் அவனை விட்டு நீங்கிப்போயின என்கின்றார்; ஆவி இருக்குமிடத்துப் பாவம் ஆட்சிசெய்யாது என்பது அவர் கூறும் ஏது. டோர்ட் சங்கத்தாரும் தம் ஐந்தாம் இயலின் நான்காம் உறுப்பில் இதே தாவீதையும், கிறிஸ்துவை அறியேனென்று மறுதலித்த பேதுருவையும் எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் ஆறாம் உறுப்பில் ஆவி முழுதும் நீங்கவில்லை என்று முடிக்கின்றனர். ஒரே கதை, ஒரே மனிதன், 82 ஆண்டு இடைவெளியில் இரண்டு தீர்ப்பு! தாவீது பாடியதாக வழங்கும் ஐம்பத்தோராஞ் சங்கீதத்தில், ஆவியைத் தன்னினின்று எடுத்துவிடாதிருக்க அவன் இரக்கின்றான். எடுக்கப்படாத பொருளாயின் எடுக்கவேண்டாமென இரப்பதேன் என்பர் லுத்தரன் வழியார். ஆவியில்லாதவன் இங்ஙனம் இரப்பதற்கு வாயேது என்பர் கால்வின் வழியார். இரண்டும் செவ்விய வினாக்களே. எபிரேயர் நிருபம் ஆறாம் அதிகாரமும் இத்தகையதே. ஒளிபெற்று, வானத்து ஈவைச் சுவைத்து, ஆவியிற் பங்குபெற்றபின் விழுந்தாரை அது பேசுகின்றது. சுவைத்தல் உண்டலாகாது என்று டோர்ட் வழியார் உரை செய்வது, எம் கருத்தில், மூலத்தை வலிந்து வளைப்பது. ஆயினும் அவ்வதிகாரத்தால் லுத்தரன் வழியார்க்கும் இடர் உண்டு. விழுந்தாரைத் திரும்பப் புதுப்பித்தல் கூடாதென்று அது கூறுவதால், மீட்சியுண்டென்னும் அவர் கொள்கையும் அங்கே இடறுகின்றது.

ஏனைச் சபைகளைப்பற்றி விரிக்க வேண்டுவதில்லை. 1547-இற் கூடிய திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வு சாவான பாவத்தால் கிருபை இழக்கப்படும் என்று விதித்தது. பாவசங்கீர்த்தனத்தால் மீளும் என்பது உரோமைச் சபையின் கொள்கை. வேலூர்க் கோட்டைக்குள் 1846-இற் கட்டப்பட்ட தூய யோவான் ஆலயத்தார் கைக்கொண்ட ஆங்கிலச் சபையின் 39 உறுப்புக்களுள் பதினாறாவது, ஆவியைப் பெற்றபின் வழுவிப் பாவத்தில் விழுதலும், மீண்டும் எழுதலும் கூடும் என்று கூறி, முழுதும் இழத்தலுண்டோ என்பதைப் பேசாமல் விடுகின்றது. ஜான் வெஸ்லி 1751-இல் இவ்வினாவைப்பற்றியே ஒரு சிறுநூல் எழுதி, இழக்கப்படும் என நிறுவப் புகுந்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அவரும் விட்பீல்டும் முன்குறித்தற் கொள்கைபற்றிப் பிரிந்திருந்தனர்.

இவையெல்லாம் ஐரோப்பிய ஏட்டுச் சண்டையல்லவோ, பாலாற்றங்கரை உழைப்பாளிக்கு இவற்றால் ஆவதென் என்று வினவுவார் உளராயின், அவர் ஒன்றைக் கருதுக. திருமுழுக்குப் பெற்றானொருவன் உறவினர் அழுகையாலோ, மணவினை முட்டுப்பாட்டாலோ, கடன் கொடுத்தவன் அச்சுறுத்தலாலோ பழைய அம்மன் வழிபாட்டிற்கு மீளுகின்றான். தமிழ்க் கிறிஸ்தவர் இதனைப் பின்மாற்றம் என்பர். அவன் சில ஆண்டு கழித்துச் சபைக்குத் திரும்பி வந்தால், ஈரிடத்தும் மறுபடி முழுக்குக் கொடார். பெரிய ஞானோபதேசத்தில் லுத்தர் முழுக்கை ஒரு கப்பலாக உருவகிக்கின்றார். கப்பல் உடைவதில்லை, விழுந்தவன் நீந்தி வந்து அதனையே பற்றிக்கொள்ளலாம் என்கின்றார். ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தம் சபையின் வழிபாட்டு நூலைத் தமிழ்ப்படுத்தி 1862-இற் சென்னையில் வெளியிட்டார்; அச்சபையின் பழைய முழுக்கு முறையோ, பலவீனத்தாற் பாவத்தில் விழுந்தால் நம்பிக்கை இழக்கவும் வேண்டா, பாவத்திற் கிடக்கவும் வேண்டா, முழுக்கு நித்திய உடன்படிக்கையின் முத்திரை என்று போதிப்பது. செய்கையளவில் இரண்டும் ஒன்றே. திரும்பி வந்தவனுக்குச் சொல்லும் சொல்லே வேறு. கொள்கைவழி நோக்கின் ஆம்பூர்ப் போதகர், நீ இறந்திருந்தாய், இப்போது உயிர்த்தாய் என்பர். வேலூர்ப் போதகர், நீ அறியாதபோதும் உன்னைப் பிடித்த கை விடவில்லை என்பர்.

திரும்பாமலே இறந்தவன் செய்தியே கடுமையானது. அவன் தாய் சபையிலிருந்து, என் மகன் பெற்றிருந்தானோ இல்லையோ என்று கேட்பாளாயின், டோர்ட் நூல்வழி நிற்பவர் அவன் பெற்றிலன் போலும் என்றே ஊகிக்கவேண்டும். ஆனால் உள்ளத்தை அறிவான் தேவனொருவனே என்று தீர்ப்பை நிறுத்திக்கொள்ளலாம். லுத்தரன் வழியார் அவன் கொண்ட விசுவாசம் மெய்யே என்று ஒப்புவர். அம்மெய்யை அவன் இழந்தான் என்றும் கூறவேண்டியவராவர். முன்னது அவன் முன்னாள் வாழ்வைப் பொய்யாக்கும். பின்னது அவன் முடிவைக் கொடிதாக்கும். உயிரோடிருப்பான் ஒருவனுக்கோ இவற்றின் பயன் மாறி நிற்கின்றது. யான் மெய்விசுவாசியோ, தற்காலிக விசுவாசியோ என்று தன் அகத்தையே துருவிப் பார்க்கும் நோய் முன்னதால் விளையும். கால்வின் மரபுப் போதகர் பலரும் இந்நோய்க்கு மருந்து தேடியே நூல் எழுதினர். லுத்தரன் வழியார் உள்ளே நோக்காதே, புறத்தே உனக்குச் சொல்லப்பட்ட மன்னிப்பு வாக்கையும் முழுக்கையும் நோக்கு என்பர். அதனால் அந்நோய் குறையினும், நாளை வீழ்வேனோ என்னும் அச்சம் நீங்காது. யாங்கள் ஆராய்ந்தவரை, மாறுபாட்டின் வேர் இங்கேதான் உளது: கிருபையின் அளவைப் பற்றியதன்று வழக்கு, உறுதியை எங்கே தேடுவது என்பதைப் பற்றியது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கு ஹாலந்திற்போல அரசியற் கலகமாக மூண்டதில்லை. ஆர்க்காட்டுச் சபைகள் ஸ்காட்லாந்து மரபினரோடும் லண்டன், அமெரிக்க மிஷன்களின் சபைகளோடும் சேர்ந்து, 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாயின. 1947 செப்டம்பர் 27-இற் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது ஐக்கிய சபையாரும், ஆங்கிலச் சபையாரும், வெஸ்லியன் மெத்தடிஸ்தரும் ஒன்றாயினர். இழக்கப்படாது என்பாரும் இழக்கப்படும் என்பாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். வேதமும், அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களும் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. டோர்ட் தீர்மானத்தில் ஒப்பமிட வேண்டுமென்றோ அதனை விலக்க வேண்டுமென்றோ யாரும் நிர்ப்பந்திக்கப்படவில்லை. 1976-இல் வேலூர் தனிப் பேராயமாயிற்று. ஸ்கடர் சகோதரர் வழிவந்த சபைகளில் ஐந்தாம் இயல் மறுக்கப்படாமலே, கட்டாயக் கொள்கையாக நிற்பது ஒழிந்தது.

லுத்தரன் சபைகள் அவ்விணைப்பிற் சேரவில்லை. தரங்கம்பாடி மரபினர் 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தனித்து அமைந்திருந்தனர். 1948-இல் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் கொள்கையுரையாடல் தொடங்கினர். நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும் என்னும் பொருளோடு, தெரிந்துகொள்ளுதல் என்னும் பொருளும் அங்கே ஆராயப்பட்டு உடன்பாட்டுரைகள் வரையப்பட்டன. மிசௌரியார் பணியால் எழுந்த சபைகள் 1958-இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயின. கொள்கை முழுதும் ஒத்தாலன்றித் திருவிருந்திற் கூடுதல் தகாதென்பது மிசௌரி சங்கத்தாரின் பழைய விதி. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திற் சேர்ந்தது. அச்சபைகளின் கொள்கையேட்டிற் பன்னிரண்டாம் உறுப்பு 1530-இல் எழுதப்பட்டவாறே நிற்கின்றது.